மறு: கலைச்சொல் வேண்டும் – இடுப்பு மூட்டு ‘இம்பிஞ்ச்மென்ட்’

வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கிய நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல். பிரிட்டனில் நடந்த சிகிச்சை ஆய்வு ஒன்றைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதுகிறார். தலைப்பிலேயே ‘ஹிப் இம்பிஞ்ச்மென்ட்’ வந்து வழியை மறிக்கிறது. அதற்குள் குழுமத்தில் பரிந்துரைகள் குவிந்துவிட்டன: தடங்கல், நெருக்கல், உரசல், முட்டல், மோதல், இடிப்பு. நான் தமிழறிஞன் இல்லை, பிசியோதெரபிஸ்ட். இந்த வலியோடு வருகிறவர்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் சிலது சொல்கிறேன்.

> கூகுள் ‘இடுப்புத் தடங்கல்’ என்கிறது. அது போதாதா?

போதாது. கல்யாணத்துக்கும் மின்சாரத்துக்கும் வருவது தடங்கல். இதில் ‘இடுப்பு’ என்பதே முதல் வம்பு. நம் ஊரில் “இடுப்பு வலி” என்று ஒருவர் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் காட்டுவது முதுகின் அடிப்பகுதியை. நாம் பேசுகிற வலி தொடை இடுக்கில் வருவது. ஆள் கட்டை விரலையும் சுட்டு விரலையும் விரித்து, இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்து, “உள்ளுக்குள்ள, இங்க” என்பார். பிடித்த கை ஆங்கில ‘சி’ எழுத்துப் போல இருக்கும்; பாடப்புத்தகத்தில் அதற்கு ‘சி குறி’ என்றே பெயர். ஆகவே வெறும் ‘இடுப்பு’ வேண்டாம், ‘இடுப்பு மூட்டு’ என்றே எழுதுவோம்.

சரி, மூட்டுக்குள் நடப்பது என்ன? இது பந்துக்கிண்ண மூட்டு. தொடையெலும்பின் உருண்டைத் தலை பந்து, இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். தலைக்குக் கீழே எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கலாம், அல்லது கிண்ணத்தின் விளிம்பு பந்தைக் கொஞ்சம் அதிகமாக மூடியிருக்கலாம். அப்படி இருந்தால், காலை நன்றாக மடக்கி உள்பக்கம் திருப்பும்போது இரண்டு எலும்பும் நேரத்துக்கு முன்பே தொட்டுக்கொள்ளும். கிண்ணத்தைச் சுற்றியுள்ள குருத்து வளையம் நடுவில் மாட்டி அடிபடும். பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் விவரித்தது. 600-க்கும் மேற்பட்ட அறுவைகளில் மூட்டைத் திறந்து பார்த்த அனுபவத்தை வைத்து, இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு இது ஒரு காரணம் என்றார்கள்.

> அப்படியானால் ‘உரசல்’ சரிதானே? எலும்போடு எலும்பு உரசுகிறது, தேய்கிறது.

இந்தச் சொல்லைத்தான் நான் கடைசிவரை எதிர்ப்பேன். உரசல் என்றதும் அடுத்த சொல் தேய்மானம் என்று நோயாளி தானே முடிவு செய்துவிடுவார். முப்பது வயசுக்காரர், எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு, “நடந்தால் இன்னும் தேயுமா சார்?” என்று கேட்பார். பெரிய புடைப்பு இருப்பவர்களுக்குப் பிற்காலத்தில் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் புடைப்பை இப்போதே சீவிவிட்டால் பின்னால் தேய்மானம் வராது என்று எந்த ஆய்வும் இன்னும் நிரூபிக்கவில்லை. நிரூபணம் ஆகாத ஒன்றை நம் சொல் வாக்குறுதியாகக் கொடுக்கக் கூடாது.

அதோடு, உரசல் என்றால் எப்போதும் நடந்துகொண்டே இருப்பது போல ஒரு தொனி. இது அப்படி இல்லை. மழைக்காலத்தில் ஊதிய கதவு நிலையில் இடிக்கும். திறந்து கிடக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை, மூடப்போனால்தான் இடிக்கும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழும்போது, குத்துக்காலிட்டு உட்காரும்போது, ஆட்டோவுக்குள் குனிந்து ஏறும்போது, சுள்ளென்று ஒன்று. நேராக நின்றால் ஒன்றுமில்லை. பரிசோதனை மேசையில் நாங்கள் செய்வதும் இதுதான்: மல்லாக்கப் படுக்க வைத்து, தொடையைச் செங்குத்தாக மடக்கி, முட்டியை எதிர்ப்பக்கம் தள்ளி, பாதத்தை வெளியே திருப்புவோம். அந்த இடத்தில் முகம் சுளித்தால் சந்தேகம் வலுக்கும். அப்போது அவர்கள் வாயில் வருவது பெரும்பாலும் “இடிக்குது” அல்லது “பிடிக்குது”. “உரசுது” என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

> ‘முட்டல்’ என்றால் என்ன குறை? மூட்டு முட்டல் – ஓசையும் நன்றாக இருக்கிறதே.

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் பல மாவட்டங்களில் முட்டி, முட்டு என்றால் முழங்கால். முட்டுவலி என்றால் முழங்கால் வலி. ‘இடுப்பு மூட்டு முட்டல்’ என்று எழுதினால் பாதிப் பேர் முழங்காலைத் தடவிப் பார்ப்பார்கள். ‘மோதல்’ போலீஸ் செய்தி. ‘நெருக்கல்’ நரம்பு நசுங்குவதற்கு வேண்டும், அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

என் பரிந்துரை ‘இடிபடல்’. வெறும் ‘இடிப்பு’ என்றால் ஆக்கிரமிப்பு அகற்றம் ஞாபகத்துக்கு வரும். ‘இடுப்பு இடிப்பு’ என்று சேர்த்துச் சொன்னாலோ வடிவேலு வசனம் போல ஆகிவிடும். ‘இடிபடல்’ என்பதில் ஒரு செயல் இருக்கிறது, அசைவு இருக்கிறது, நோயாளியின் வாய்ச்சொல்லும் இருக்கிறது.

இங்கே இன்னொரு விஷயம். சொல்லைவிட இது முக்கியம். கான்ஸின் கட்டுரைக்குப் பிறகு எக்ஸ்ரேயில் புடைப்பு தெரிந்தாலே நோய் என்று எண்ணும் வழக்கம் பரவியது. அறுவைகளும் மளமளவென்று பெருகின. ஆனால் வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தால் அவர்களிடமும் இதே புடைப்பு! வெளியான ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், வலியில்லாத இடுப்பு மூட்டுகளில் 37 சதவீதத்தில் புடைப்பு இருந்தது; விளையாட்டு வீரர்களிடம் பாதிக்கும் மேல். எலும்பு வளர்கிற வயதில் ஓடியாடி விளையாடுகிறவர்களுக்கு அது அதிகமாகவே உருவாகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2016-இல் வார்விக் உடன்படிக்கை வந்தது. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள், கூடவே ஒரு நோயாளி. பெயரோடு ‘சிண்ட்ரோம்’ சேர்க்க வேண்டும் என்றார்கள். வலி, பரிசோதனையில் தெரியும் குறிகள், படத்தில் தெரியும் வடிவம் – மூன்றும் சேர்ந்தால்தான் நோய். படத்தில் தெரிவதை ‘டிஃபார்மிட்டி’ என்று சொல்வதை விட்டு ‘மார்ஃபாலஜி’ என்று சொல்லச் சொன்னார்கள். ஆக நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். படத்தில் தெரிவது ‘புடைப்பு வடிவம்’, அவ்வளவுதான். குறைபாடு, ஊனம், கோளாறு எதுவும் அதில் ஒட்டக் கூடாது. வலியோடு வரும் நோய் ‘இடுப்பு மூட்டு இடிபடல் கூட்டறிகுறி’. நீளம்தான், தலைப்பில் ‘இடுப்பு மூட்டு இடிபடல்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

கிண்ண விளிம்பு அதிகமாக மூடும் வகைக்கு (ஆங்கிலத்தில் ‘பின்சர்’) நண்பர் ‘கிடுக்கி’ என்றிருந்தார். எனக்குச் சம்மதம், நகைப்பட்டறையிலும் பள்ளி வேதியியல் கூடத்திலும் புழங்குகிற சொல். புடைப்பு வகைக்கு (ஆங்கிலத்தில் ‘கேம்’) பொறியியல் அகராதியிலிருந்து ‘நெம்புருள்’ எடுத்துத் தந்தவருக்கு நன்றி, ஆனால் வேண்டாம். எஞ்சின் கேம் ஷாஃப்ட்டைப் பார்த்திராத வாசகருக்கு அதனால் ஒன்றும் விளங்காது. பார்த்திருக்கிற மெக்கானிக்கோ அதை ‘கேம்’ என்றுதான் சொல்வார்.

அன்புடன்,
கோவையிலிருந்து

– – –

> இடிபடல் ஏற்கிறேன். என் கட்டுரையின் மையம், அறுவையையும் அறுவையில்லாத சிகிச்சையையும் ஒப்பிட்ட ‘யூகே ஃபேஷன்’ என்ற பிரிட்டன் ஆய்வு. அதில் ‘கன்சர்வேடிவ் கேர்’ என்பதைப் ‘பழமைவாதச் சிகிச்சை’ என்று போட்டிருக்கிறேன். ‘ஷாம் சர்ஜரி’க்குப் ‘போலி அறுவை’. சரியா?

ஐயோ, பழமைவாதத்தை உடனே எடுத்துவிடுங்கள். சிகிச்சை எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடவில்லை. ‘அறுவையில்லாச் சிகிச்சை’ என்றால் பேச்சு முடிந்தது.

இதில் எனக்கு ஒரு தொழில் வருத்தமும் உண்டு. பல கட்டுரைகளில் இந்தப் பக்கத்தை “ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்கள்” என்பது போல எழுதிவிடுகிறார்கள். அந்த ஆய்வில் அவர்களுக்குக் கிடைத்தது 12 முதல் 24 வாரங்களில் 6 முதல் 10 அமர்வுகள். ஆளுக்குத் தகுந்தபடி கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சி, எந்த அசைவைத் தவிர்ப்பது என்ற விளக்கம், வலி தணிக்க உதவி. அதற்கு அவர்கள் வைத்த பெயரே தனிநபருக்கேற்ற இடுப்பு மூட்டுச் சிகிச்சை. அதை முழுசாக எழுதுங்கள்.

எண்களையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வார்விக் பல்கலைக்கழகத்தின் டேமியன் கிரிஃபின் தலைமையில், 23 அரசு மருத்துவமனைகளில், 348 பேர். 2018-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. நுண்துளை வழியாக மூட்டுக்குள் பார்த்துச் செய்யும் அறுவையா, மேலே சொன்ன சிகிச்சையா என்பதைக் குலுக்கல் போலத் தற்செயலாகப் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்து, 100-க்கு எத்தனை என்று நோயாளியே மதிப்பிடும் அளவையில், அறுவைப் பக்கம் 39.2-லிருந்து 58.8 ஆனது, அறுவையில்லாப் பக்கம் 35.6-லிருந்து 49.7. திருத்திக் கணக்கிட்டால் வித்தியாசம் 6.8 புள்ளி.

இந்த 6.8-க்குத்தான் உங்களுக்கு இன்னொரு கலைச்சொல் தேவைப்படும், யாரும் இதுவரை கேட்கவில்லை. நோயாளி “ஆமாம், எனக்குத் தேவலை” என்று உணர்வதற்குக் குறைந்தது எத்தனை புள்ளி ஏற வேண்டும் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். இந்த அளவைக்கு அது 6.1. அதை ‘உணரத்தகு குறைந்தபட்ச வேறுபாடு’ எனலாம். 6.8 அதை மயிரிழையில் தாண்டுகிறது. ஆனால் உண்மை வித்தியாசம் 1.7-லிருந்து 12 வரை எங்கேயும் இருக்கலாம் என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. “அறுவைதான் சிறந்தது” என்று தலைப்பு வைத்தாலும் தப்பு, “அறுவை வீண்” என்று வைத்தாலும் தப்பு. இரண்டு பக்கமும் முன்னேறியது, அறுவைப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக. அந்த ஒரு வருடக் கணக்கில் செலவுக்கேற்ற பலன் அறுவைக்கு இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த வருடமே, 2019-இல், பிரிட்டனிலிருந்தே 222 பேரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. எட்டு மாதத்தில் வேறொரு அளவையில் 10 புள்ளி வித்தியாசம், அதுவும் அறுவைக்குச் சாதகம். அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் 80 பேரை இரண்டு வருடம் தொடர்ந்த ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் அங்கே உடற்பயிற்சிப் பக்கம் போட்டவர்களில் பெரும்பாலோர் நடுவிலேயே அறுவைக்கு மாறிவிட்டார்கள், அதனால் அதை வைத்து ஒரு பக்கமும் பேச முடியாது.

> போலி அறுவை பற்றிச் சொல்லவில்லையே?

வருகிறேன். துளை போட்டும் முக்கியமான வேலையை மட்டும் செய்யாமல் விடுவது ‘ஷாம் சர்ஜரி’; ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது. அதற்குப் ‘போலி’ வேண்டாம். போலி டாக்டர், போலி மருந்து என்று தினம் படிக்கிறவர்கள் நோயாளியை ஏமாற்றியதாகவே எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இரண்டில் எது கிடைத்தாலும் சரி என்று கையெழுத்துப் போட்டுத்தான் அவர்கள் சேர்கிறார்கள். ‘ஒப்புக்கு’ என்று பேச்சில் சொல்வோமே, ‘ஒப்பீட்டுக்கு’ என்ற பொருளும் சேர்ந்து வருகிறபடி ‘ஒப்பு அறுவை’ என்றால் என்ன? இது என் ஆசைதான், தமிழாசிரியர்கள் மறுத்தால் விட்டுவிடுகிறேன்.

இந்தச் சொல் ஏன் வேண்டும் என்றால், மேலே சொன்ன ஆய்வுகளில் எல்லாருக்கும் தனக்கு எது நடந்தது என்று தெரியும். ஆபரேஷன் ஆனவர் ஆபரேஷன் ஆனதாலேயே கொஞ்சம் தேறுவார். அதைப் பிரித்துப் பார்க்க, 2021-இல் வெளியான ஃபர்ஸ்ட் என்ற ஆய்வில் இரண்டு பக்கத்துக்கும் நுண்துளை போட்டார்கள். ஒரு பக்கம் புடைப்பைச் சீவி எலும்பைச் சரிசெய்தார்கள். மறுபக்கம் மூட்டைக் கழுவி மட்டும் விட்டார்கள். கிழிந்த குருத்து வளையத்தைத் தேவைப்பட்டால் இரண்டு பக்கமும் தைத்தார்கள். ஒரு வருடம் கழித்து வலியில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் கழுவிவிட்ட பக்கத்தில்தான் அதிகம். கழுவுவதும் ஒரு சிகிச்சைதானே என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, அதனால் இதைச் சுத்தமான ஒப்பு அறுவை என்று எழுத வேண்டாம். ‘கழுவல் மட்டும்’ என்றே எழுதுங்கள்.

– – –

> ஒப்பு அறுவை: ‘ஒப்பு’ ஏற்கெனவே ஒப்பந்தம், ஒப்புதல் எனப் பல சுமைகளைத் தாங்குகிறது. ‘பாவனை அறுவை’ எளிது. இடிபடல் பற்றி: ‘படல்’ செயப்பாட்டுப் பொருள். எதனால் இடிபடுகிறது என்ற கேள்வி எழும். எழட்டும், அது நல்லதே.

பாவனை அறுவை என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது, ஐயா. எடுத்துக்கொள்வோம்.

கட்டுரை எழுதுகிற நண்பருக்கு: ‘லேப்ரம்’ என்பதற்கு நான் ‘குருத்து வளையம்’ என்று கைபோன போக்கில் எழுதிவிட்டேன். இலங்கை மருத்துவப் பாடநூல்களில் வேறு சொல் இருக்கக்கூடும், அங்கிருந்து எழுதுகிறவர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் அதையே வைத்துக்கொள்ளலாம். படத்தில் புடைப்பை அளக்கும் ‘ஆல்ஃபா கோணம்’ அப்படியே இருக்கட்டும், அதைத் தமிழ்ப்படுத்தி யாருக்கும் லாபமில்லை. தலைப்பை மட்டும் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை குழுமத்துக்கு அனுப்புங்கள்.