மறு: பல்துறை, இடைத்துறை, கூடுதுறை – எதை எங்கே வைப்பது?

அனைவருக்கும் வணக்கம்.

மல்டிடிசிப்ளினரி, இன்டர்டிசிப்ளினரி, டிரான்ஸ்டிசிப்ளினரி என்ற மூன்று ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழில் என்ன வைப்பது என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று வந்த மடலில் இந்த வரியைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

> மூன்று ஆங்கிலச் சொல்லுக்கும் "பல்துறை" என்றே போட்டுவிடலாம். படிப்பவருக்குப் புரிந்தால் போதாதா?

புரியாது ஐயா, அதுதான் சிக்கல். இழையைத் தொடங்கிய அம்மா மொழிபெயர்ப்பது ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு. ஒரு பக்கத்தில் வௌவால் எதிரொலியை வைத்து எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்ற ஆய்வு. புரட்டினால் கான்கிரீட் விரிசல். இன்னொரு முறை புரட்டினால் குழந்தை மொழி கற்கும் விதம். இவற்றுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே வளாகத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான். அதே தொகுப்பில் வேறோர் இடத்தில் வேதியியல்காரரும் வரலாற்றுக்காரரும் ஒரே ஓலையின் மையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டையும் "பல்துறை" என்று எழுதினால், பக்கத்து வீட்டில் குடியிருப்பதும் ஒரே வீட்டில் உலை வைப்பதும் ஒன்றாகிவிடும்.

ஆகவே பல துறைகள் அருகருகே இருக்கும் முதல் வகைக்கு, அதாவது மல்டிடிசிப்ளினரிக்கு, "பல்துறை" இருக்கட்டும். பழகிய சொல், கேட்டால் உறுத்தாது. (பல் என்பதோடு துறை புணர்ந்தால் "பஃறுறை" ஆக வேண்டும், பஃறொடை வெண்பா மாதிரி, என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து வேண்டாம்.)

> யுனிவர்சிட்டி என்ற சொல்லுக்கே எல்லாத் துறைகளும் சேர்ந்தது என்றுதானே பொருள்? பிறகு தனியாக ஒரு சொல் எதற்கு?

இது பலரும் நம்புவது. ஆனால் இடைக்கால லத்தீனில் "யூனிவர்சிட்டாஸ்" என்றால் ஓர் அமைப்பாகச் சேர்ந்த ஆட்களின் கூட்டம். கைவினைஞர் சங்கத்துக்கும் அதே சொல்தான். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த சங்கம் என்று நீட்டிச் சொன்னதுதான் பிற்பாடு சுருங்கி நின்றது. எத்தனை பாடம் நடக்கிறது என்று அந்தச் சொல் பேசவே இல்லை. பார்க்கப்போனால் நம் சொல்லில் அதற்கு நேராக இருப்பது "கழகம்" மட்டுமே. "பல்கலை" நாமாகச் சேர்த்தது. கழகத்தின் கதையும் சுவையானது. குறளில் அது சூதாடும் இடம், கம்பனிடம் வந்தபோது "கலை தெரி கழகம்". நாம் சேர்த்த "பல்கலை" நல்ல சேர்ப்புதான், ஆனாலும் அது எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. அந்தக் கலைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்பதற்கு வேறு சொல் வேண்டும்.

இனி இன்டர்டிசிப்ளினரி, அதாவது துறைகள் ஒன்றோடொன்று பேசிச் சேர்ந்து செய்வது. சண்டை முழுக்க இதில்தான்.

"இடைத்துறை" எனக்கு ஒப்பவில்லை. இடைவேளை, இடைக்காலம், இடைத்தேர்தல் எல்லாவற்றிலும் "இடை" முன்னால் வந்தால் நடுவில் வந்த ஒன்று என்றுதான் காது எடுத்துக்கொள்கிறது. இடைத்துறை என்றால் இரண்டு துறைகளுக்கு நடுவே கிடக்கும் மூன்றாவது துறை என்று தோன்றும். "துறையிடை" இலக்கணப்படி சரி. ஆனால் "துறை" என்பது அலுவலகத் தமிழில் டிபார்ட்மென்ட்டும் ஆயிற்றே. துறைசார் நடவடிக்கை, துறைத் தேர்வு என்று கேட்டு வளர்ந்தவருக்கு "துறையிடைக் கூட்டம்" என்றால் கோப்பும் கையெழுத்தும்தான் நினைவுக்கு வரும். "துறைகளுக்கிடையேயான" என்பதில் பொருள் குழப்பம் இல்லை. ஆனால் அது சொல்லே இல்லை, விளக்கம். ஒரு பக்கத்தில் ஆறு முறை எழுதிப் பாருங்கள், தெரியும்.

> டிசிப்ளினுக்குப் "புலம்" என்று வைத்தால் டிபார்ட்மென்ட் குழப்பம் தீருமே. பல்புலம், புலமிடை...

தீரும், வேறு குழப்பம் வந்து உட்காரும். இயற்பியலில் காந்தப்புலமும் மின்புலமும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. பல பல்கலைக்கழகங்களில் பல துறைகளைச் சேர்த்த ஃபேகல்ட்டி என்ற பிரிவுக்கும் புலம் என்றே பெயர். இங்கே இருக்கும் இயற்பியல் ஆசிரியர் ஐயா இதைவிடக் காட்டமாக எழுதுவார், அவருக்கு விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தது முந்தாநாள் ஒருவர் போகிறபோக்கில் எறிந்துவிட்டுப் போன "கூடுதுறை". யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆறுகள் கூடும் இடத்துக்கு ஏற்கெனவே உள்ள சொல் இது. துறை என்பதற்கு முதற்பொருளே நீரில் இறங்கும் இடம்தானே? படிப்பின் பிரிவுக்கு அந்தச் சொல் வந்ததும் அங்கிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திணைக்குள் துறை வகுத்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அப்புறம், இது வினைத்தொகை. கூடிய துறை, கூடுகின்ற துறை, கூடும் துறை, மூன்றும் அதற்குள் அடக்கம். முடிந்த ஆய்வுக்கும் சொல்லலாம், இனிமேல் தொடங்கும் திட்டத்துக்கும் சொல்லலாம்.

இதற்கு வந்த ஒரே எதிர்ப்பு:

> கூடிய ஆறுகள் பிரிவதில்லை. ஆய்வாளர்கள் கட்டுரை வெளிவந்ததும் அவரவர் துறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். உவமை பொருந்தவில்லை.

நல்ல கேள்வி. ஓர் உண்மையான ஆய்வில் வைத்துப் பார்ப்போம். வால்டர் ஆல்வரெஸ் என்ற புவியியலாளர் இத்தாலியில் குப்பியோ அருகே சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவுக் களிமண் படலத்தைக் கண்டார். அதற்குக் கீழே டைனோசர் காலம், மேலே அதற்குப் பிந்திய காலம். அந்தப் படலம் படிய எத்தனை ஆண்டு ஆனது என்பதுதான் அவருடைய கேள்வி. அவருடைய அப்பா லூயிஸ் ஆல்வரெஸ், 1968இல் நோபல் வாங்கிய துகள் இயற்பியலாளர். இருவரும் இருந்தது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில். விண்கல் தூசி பூமியில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறது; அதிலுள்ள இரிடியம் என்ற உலோகம் பூமியின் மேலோட்டில் மிக அரிது; ஆகவே இரிடியத்தை அளந்தால் காலத்தைக் கணக்கிடலாம் என்றார் அப்பா. அவ்வளவு நுண்ணிய அளவை அளக்கத் தெரிந்தவர்கள் ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் என்ற இரண்டு அணுக்கரு வேதியியலாளர்கள். அவர்கள் அளந்து பார்த்தால், சுற்றியுள்ள பாறையைப் போல் சுமார் 30 மடங்கு இரிடியம்! காலக் கணக்கு அதோடு போயிற்று. இவ்வளவு இரிடியம் எங்கிருந்து வந்தது என்று கேள்வியே மாறிவிட்டது. சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள சிறுகோள் மோதியது என்று நால்வரும் சேர்ந்து 1980இல் எழுதினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, தொடங்கிய கேள்வி புவியியலுடையது, முடிந்த கேள்வி எந்தத் துறையுடையதும் ஆகாது. ஆனால் புதிய துறை எதுவும் பிறக்கவில்லை. அப்பா இயற்பியலாளராகவே இருந்தார், மகன் பாறைக்கே திரும்பினார். எதிர்ப்புத் தெரிவித்த நண்பர் சொல்வது இதைத்தான். என் பதில்: கூடுதுறை என்பது கூடும் இடத்தின் பெயர். கூடிய பிறகு ஓடும் ஆற்றுக்கு வேறு பெயர் வரும். உயிர்வேதியியல், புவியியற்பியல் போன்றவை அப்படிப்பட்ட ஆறுகள். "இயல்" ஒட்டியதும் அது தனித்துறை; அதைக் கூடுதுறை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு சோதனையும் செய்தேன். பழம்பொருளில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் கார்பன் காலக்கணிப்பு கூடுதுறையா? 1949 வாக்கில் சிகாகோவில் வேதியியலாளர் வில்லர்ட் லிப்பியின் குழு அந்த முறையைச் சோதித்தபோது, வயது ஏற்கெனவே தெரிந்த எகிப்தியக் கல்லறை மரத்துண்டுகளை வாங்கி அளந்து பார்த்தது. வரலாற்றுக்காரர் சொன்ன வயதும் வேதியியல் சொன்ன வயதும் ஒத்துப்போனால்தான் முறை நிற்கும். அது கூடுதுறை. இன்றைக்குப் பெரும்பாலும் கரித்துண்டு ஆய்வகத்துக்குப் போகிறது, எண் திரும்பி வருகிறது. அதைச் சேவை என்று சொன்னால் போதும். ஒரே முறைதான், ஆனால் ஒரு காலத்தில் கூடுதுறை, இன்னொரு காலத்தில் இல்லை. "துறையிடை" என்ற சொல்லால் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

ஆளுக்குச் சொல்வது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். ஹெர்பர்ட் சைமன் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1975இல் கணினியியலுக்கான டியூரிங் விருது, 1978இல் பொருளியல் நோபல், உளவியலிலும் பெயர் போனவர். "பல்துறை அறிஞர்" என்றால் தவறில்லை. ஆனால் மனிதர் முடிவெடுப்பது எப்படி என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் எல்லா இடத்திலும் துரத்தினார். நான் "கூடுதுறை அறிஞர்" என்றே எழுதுவேன்.

டிரான்ஸ்டிசிப்ளினரிக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 1970இல் பிரான்சின் நீஸ் நகரக் கருத்தரங்கில் உளவியலாளர் பியாஜே, துறைகளுக்கு நடுவே எல்லையே இல்லாத நிலை என்ற பொருளில் அந்தச் சொல்லை முன்வைத்தார். இன்று பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவர்களையும் ஆய்வில் சேர்த்துக்கொள்வது என்ற பொருளும் ஏறிவிட்டது. "துறைகடந்த" இரண்டு பொருளையும் தாங்கும். ஒரே எச்சரிக்கை, வரிசையை மாற்றி விடாதீர்கள். "கடந்த துறை" என்றால் போன மாதம் மூடிய துறை போல இருக்கும். "துறை துறந்த" என்று எழுதிய குறும்புக்காரருக்கு என் தனிப் பாராட்டு, நம் கலைச்சொல் அட்டவணையில் இடம் கிடையாது.

மிச்சம் ஒரு சிக்கல் உண்டு. கூடுதுறை அடையாக நன்றாக நிற்கிறது: கூடுதுறை ஆய்வு, கூடுதுறை மையம். பண்புப்பெயர் வேண்டும்போது "கூடுதுறைமை" என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அங்கே மட்டும் சொல்லைத் திருப்பித் "துறைக்கூடல்" என்று வைக்கலாம். "துறைக்கூடலை வளர்ப்பதே இம்மையத்தின் நோக்கம்" என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

அம்மா, உங்கள் முன்னுரையின் முதல் வரியில் "பல்துறை ஆய்வுகள்" அப்படியே இருக்கட்டும். ஓலை மை பற்றிய அத்தியாயத்தில் மட்டும் "கூடுதுறை ஆய்வு" என்று மாற்றி, அந்தப் பத்தியை இங்கே ஒட்டுங்கள். வரலாற்றுக்காரர்கள் படித்துவிட்டு எங்கே தடுக்குகிறது என்று சொல்லட்டும். துறைக்கூடலுக்கு எதிர்ப்பு இருந்தால் அட்டவணையில் ஏற்றுவதற்குள் எழுதிவிடுங்கள்.