கிசில்பாஷ்கள்: சஃபவிகளுக்குப் பலமா, தலைவலியா?

கேள்வி:
1501-இல் தப்ரீஸில் ஈரானின் சஃபவி வம்சத்து முதல் அரசராக முடிசூடியபோது ஷா இஸ்மாயிலுக்கு வயது 14. அந்தப் பையனுக்காக உயிரைக் கொடுக்க உஸ்தாஜ்லு, ஷாம்லு, ரூம்லு என்று பல குலங்களின் துருக்மென் குதிரைவீரர்கள், அதாவது கிசில்பாஷ்கள், திரண்டது எதற்காக? பக்தியா, நிலமா? அப்படிப்பட்டவர்களைப் பின்னால் வந்த சஃபவி ஷா முதலாம் அப்பாஸ் ஏன் ஓரங்கட்டினார்?

பதில் 1:
இரண்டும்தான், ஆனால் பக்திதான் முதலில். இஸ்மாயில் அவர்களுக்கு ராஜா ஆவதற்கு முன்பே குரு. அர்தபீல் சூஃபி மடத்தின் வாரிசு. அவர் அப்பா ஹைதர் காலத்துச் சிவப்புக் குல்லாயைக் கவனியுங்கள்: 12 இமாம்களுக்கு 12 மடிப்பு, உச்சியில் விறைப்பாக ஒரு கொம்பு, அடியில் சுற்றிய தலைப்பாகை. அதனால்தான் 'கிசில்பாஷ்', அதாவது செந்தலையர். 1500-இல் எர்சின்ஜானில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 7,000 பேர். மறுவருடமே ஷரூரில், அதுவரை அங்கே ஆண்ட அக் கொயுன்லுக்களை விரட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், தோற்றவர்களும் துருக்மென்களே! 1510-இல் மெர்வில் உஸ்பெக் தலைவர் ஷைபானி கானும் விழுந்தார். குருவுக்குத் தோல்வியே கிடையாது என்று நம்பியவர்களை 1514-இல் சால்திரானில் ஒட்டோமானியப் பீரங்கி எழுப்பிவிட்டது.

பதில் 2:
நிலத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். மாகாணத்தை அமீருக்கு, அதாவது கிசில்பாஷ் குலத் தளபதிக்குக் கொடுப்பார்கள். வரியை அவரே வசூலித்துக் குதிரைப்படையை வைத்துக்கொள்வார். சரி, அந்த வீரன் யார் பேச்சைக் கேட்பான்? சோறு போடுகிற அமீர் பேச்சைத்தானே! 1524-இல் இஸ்மாயிலின் மகன் தஹ்மாஸ்ப் பத்து வயதில் பட்டத்துக்கு வந்ததும் குலங்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டன. 1531-இல் தெக்கெலு குலத்தார் கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். அப்பாஸை அரியணையில் உட்காரவைத்ததும் ஒரு கிசில்பாஷ்தான், முர்ஷித் குலி கான் உஸ்தாஜ்லு. அவரையே அப்பாஸ் 1589-இல் தீர்த்துக்கட்டினார்.

கேள்வி கேட்டவர்:
அப்போ படையையே கலைத்துவிட்டாரா?

பதில் 2:
இல்லை, சம்பளம் வருகிற வழியைத்தான் மாற்றினார். பல மாகாணங்களை அரண்மனை நிலமாக்கி, அந்த வருமானத்தில் ஜார்ஜிய, ஆர்மீனிய, சர்க்காசிய குலாம்களுக்கு, அதாவது ஷாவின் அடிமை வீரர்களுக்குப் படி அளந்தார். தளபதி அல்லாவெர்தி கான் அப்படி வந்தவர்தான். கூர்ச்சிகள் என்ற கிசில்பாஷ் குதிரைவீரர்களும் படையில் இருந்தார்கள், ஆனால் லகான் ஷா கையில். இருந்தும், 1736-இல் சஃபவிகளை இறக்கிவிட்டு முடிசூடிய நாதிர் ஷா, கிசில்பாஷ் குலங்களில் ஒன்றான அஃப்ஷாரைச் சேர்ந்தவர். அவருக்குப் பிறகு ஈரானை ஆண்ட கஜார்களும் பழைய கிசில்பாஷ் குலம்தான்.