கழிமுகப் பாதையில் ஓட்டினபிறகு பெடலில் 'டக் டக்', செயின் சறுக்கல், டயரில் காத்து இறக்கம்: கம்பம் திராட்சைத் தோட்ட ரைடுக்கு முன் என்னென்ன மாத்தணும்?

திருவான்மியூர்_29

வணக்கம். வண்டி அலுமினிய ஹார்டுடெயில் எம்.டி.பி. (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள்), 29 x 2.25 டியூப்லெஸ் டயர், முன்னாடி ஒரே பல்சக்கரம், பின்னாடி 12 கியர். ஷிமானோ ஹாலோடெக் கிராங்க் (பெடல் மாட்டுற கை), ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். என் எடை 74 கிலோ. ஓட்டுறது முட்டுக்காடு, கோவளம் பக்கம் கழியோர மண்பாதை, சில சமயம் மரக்காணம் உப்பளத்தை ஒட்டின ரோடு.

இப்ப மூணு பிரச்சினை. வலது காலை அழுத்தும்போது சுத்துக்கு ஒரு தடவை 'டக்'னு சத்தம். உட்கார்ந்து மிதிச்சாலும் வருது, எழுந்து நின்னு மிதிச்சாலும் வருது. மிதிக்காம உருட்டினா இல்லை. ரெண்டாவது, சின்னப் பல்சக்கரத்துக்கு மாத்தினா செயின் தாமதமா இறங்குது, ஏத்தத்துல அழுத்தினா சறுக்குது. மூணாவது, பின் டயர் ஒரே ராத்திரியில பாதி காத்து இறங்கிடுது. சீலன்ட் (டயருக்குள்ள ஓட்டையை அடைக்க ஊத்துற திரவம்) கோடைக்கு முன்னாடி ஊத்தினது.

ஒவ்வொரு ரைடுக்குப் பிறகும் செயினை மண்ணெண்ணெயில் கழுவி, துடைச்சு, எண்ணெய் விடுறேன். அடுத்த மாசம் கம்பம், சுருளிப்பட்டி பக்கம் திராட்சைத் தோட்டப் பாதையில் ஓட்டத் திட்டம். பாட்டம் பிராக்கெட்டையே (கிராங்க் அச்சு சுத்துற பேரிங் பாகம்) மாத்திடலாமா, இல்ல வேற எங்கேயாவது பார்க்கணுமா?

செயின்_அளவு

பாட்டம் பிராக்கெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கழுவுற முறையைப் பேசிடலாம் ப்ரோ. அது மாறலைன்னா என்ன புதுசா போட்டாலும் நிக்காது.

மண்ணெண்ணெய், டீசல், டபிள்யூ.டி.40 எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்கும். உப்பு அதுல கரையவே கரையாது. செயின் மேலே பளபளன்னு தெரியும், ஆனா பின்னுக்கும் ரோலருக்கும் நடுவுல உப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். சென்னைக் காத்துல இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கிட்டே இருக்கும், நிறுத்தி வெச்ச வண்டியிலயும் துரு ஓடும். உப்பை எடுக்கறது நல்ல தண்ணி மட்டும்தான். போர் தண்ணியே உப்பா இருக்கிற ஏரியான்னா கடைசி அலசலுக்கு மெட்ரோ தண்ணியோ கேன் தண்ணியோ எடுங்க.

வரிசை இதுதான்: வீட்டுக்கு வந்த அன்னைக்கே, சேறு காயறதுக்கு முன்னாடி, ரெண்டு பக்கெட் நல்ல தண்ணியை மெதுவா ஊத்தி முழு வண்டியையும் அலசுங்க. வாட்டர் சர்வீஸ் பம்ப் வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தம் ஹப் (சக்கரத்தோட நடுப்பகுதி), ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்புற பேரிங்), பாட்டம் பிராக்கெட் சீல்களைத் தாண்டி உப்புத்தண்ணியை உள்ளே தள்ளிடும். அப்புறம் பாத்திரம் தேய்க்கிற திரவம் கொஞ்சம் விட்டு செயின், கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு), டிரெய்லர் (பின்னாடி செயினை நகர்த்திக் கியர் மாத்துற பாகம்) உருளைகளை பிரஷ்ல தேய்ச்சு மறுபடி அலசணும். துணியால துடைச்சு, ஃபேன் கீழே அரைமணி நேரம் காயவிடுங்க. மண்ணெண்ணெய் வேணும்னா அதுக்கப்புறம். கடைசியில்தான் லூப் (செயினுக்கான மசகு).

கெட்டியான எண்ணெய் கழிமுகத்துக்கு ஆகாது. மணல் அதுல ஒட்டி, செயின் தன்னைத்தானே அரைச்சுக்கும். சொட்டு மெழுகு லூப் போடுங்க. ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, ராத்திரி முழுக்க காயணும், காலையில மேற்பரப்பைத் துடைச்சிடுங்க. ஒரே குறை, தண்ணியில ஓட்டினா ஒவ்வொரு தடவையும் மறுபடி போட்டாகணும்.

உப்பளத் தண்ணியை கடல் தண்ணி மாதிரின்னு நினைக்காதீங்க. கடல் நீர்ல லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. பாத்தியில உப்பு பூக்குற கட்டத்துல அதைவிட ஏழு மடங்குக்கு மேல போயிடும். அது தெறிச்சு காஞ்சா விட்டுட்டுப் போற உப்பும் அவ்வளவு.

செயினை ஸ்டீல் ஸ்கேல் வெச்சு அளந்துடுங்க. ஒரு பின்னோட நடுவுல பூஜ்யம் வெச்சா 12 அங்குலம் சரியா இன்னொரு பின் நடுவுல விழணும். 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் வந்தா அரை சதவீதம் நீண்டிருக்கு. 12 கியர் வண்டிக்கு அதோட மாத்திடணும்.

அடையாறு_ஸ்பேனர்

சத்தத்துக்கு: நின்னு மிதிச்சும் வருதுன்னா சீட், சீட்போஸ்ட் ரெண்டும் பட்டியல்ல இல்லை. உருட்டினா வரலைன்னா ஹெட்செட்டும் ஹப் பேரிங்கும் பெரும்பாலும் இல்லை. மிஞ்சுறது பெடல், கிராங்க் போல்ட், முன் பல்சக்கர போல்ட், பாட்டம் பிராக்கெட். செலவு இல்லாததுல இருந்து ஆரம்பிங்க.

ரெண்டு பெடலையும் கழட்டி, மரையைத் துடைச்சு, கிரீஸ் தடவி, 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்க. இடது பெடலுக்கு தலைகீழ் மரை. ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பிடிச்சா, ரெண்டு பெடலும் வண்டியோட பின்பக்கம் இழுத்தா கழலும். இடது கிராங்க்ல இருக்கிற ரெண்டு பிடிப்பு போல்ட்டையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா 12 முதல் 14 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்க. முன் பல்சக்கர போல்ட்டும் டிரெய்லர் தொங்குற ஹேங்கர் போல்ட்டும் சும்மா ஒரு தடவை.

சத்தம் அப்பவும் இருந்தா செயினை முன் பல்சக்கரத்துல இருந்து இறக்கிட்டு, கிராங்கை கையால சுத்துங்க. மணல் அரைக்கிற உணர்வு இருந்தா, இல்ல கிராங்கைப் பக்கவாட்டுல தள்ளினா ஆட்டம் இருந்தா, பேரிங் போயிடுச்சு.

கியர் தாமதத்துக்கு காரணம் பெரும்பாலும் கேபிள்தான். சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கும்போது டிரெய்லர் ஸ்பிரிங்தான் கேபிளை இழுத்துக்கணும். அவுட்டருக்குள்ள (கேபிளோட வெளியுறை) உப்பும் துருவும் இருந்தா ஸ்பிரிங்கால முடியாது. பெரிய பக்கம் உங்க கட்டைவிரல் பலத்துல ஏறிடும், அதனால அங்கே தெரியாது. உள்கம்பி ஸ்டெயின்லெஸ், அவுட்டர், சீல் வெச்ச முனை மூடி எல்லாத்தையும் சேர்த்து மாத்துங்க. உள்கம்பியை மட்டும் மாத்தினா காசு வீண்.

திருவான்மியூர்_29

ரொம்ப நன்றி. பெடல், போல்ட் எல்லாம் முடிச்சாச்சு, சத்தம் அப்படியே இருக்கு. கிராங்கை சுத்தினா வலது பக்கம் கரகரன்னு இருக்கு, ஓரத்துல பழுப்புத் தண்ணி கசியுது. செயின் அந்தப் பதினாறில் ஒரு பங்கையும் தாண்டிடுச்சு. ஃபிரேம், பாட்டம் பிராக்கெட்டை மரையில ஏத்துற வகை. வீட்டுலயே மாத்தலாமா? புது செயின் போட்டா கேசட்டும் மாத்தணுமா?

அடையாறு_ஸ்பேனர்

வீட்டுலயே முடியும். இடது கிராங்கோட பிளாஸ்டிக் மூடியைக் கழட்டி, போல்ட் ரெண்டையும் தளர்த்தி, நடுவுல இருக்கிற சின்ன தடுப்புத் தகட்டைத் தூக்கிவிட்டா கிராங்க் கை வந்துடும். இடது பக்கத்துல இருந்து அச்சை ரப்பர் சுத்தியால தட்டினா வலது பக்கமா வெளியே வரும். பாட்டம் பிராக்கெட்டோட ரெண்டு பக்க கப்புகளுக்கு (பேரிங் உட்காருற உறை) விதி பெடலுக்கு நேர் எதிர்: டூல் கைப்பிடியை மேல்நோக்கி வெச்சு, ரெண்டு பக்கமும் வண்டியோட முன்பக்கம் தள்ளினா கழலும். வலது கப்தான் தலைகீழ் மரை. இதை மறந்து பலம் போட்டா ஃபிரேம் மரையே போயிடும், அப்புறம் லேத் பட்டறைதான். கப் அளவுகள் வேற வேற இருக்கு, பழைய கப்பைக் கையில எடுத்துட்டுப் போய் டூல் வாங்குங்க.

கப் வெளியே வந்ததும் ஃபிரேமைக் கவுத்து உள்ளே நிக்கிற தண்ணியை வடிங்க. மரையில வெள்ளைப் பொடி இருந்தா அது அலுமினியம் அரிச்சது. பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு, நல்ல தண்ணியில துடைச்சு, காயவெச்சு, மரை முழுக்க கிரீஸ் தாராளமா பூசுங்க. முதல் ரெண்டு மூணு சுத்து கையாலேயே ஏறணும். அப்புறம் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். பிளாஸ்டிக் மூடியை விரல் பலத்துக்கு மேல இறுக்காதீங்க, பேரிங் நசுங்கும். சீட்போஸ்ட்டையும் அன்னைக்கே உருவி கிரீஸ் போட்டுடுங்க, அதுவும் உப்புல ஃபிரேமோட ஒட்டிக்கிற பொருள். கார்பன் போஸ்ட்னா மட்டும் கிரீஸ் கூடாது, அதுக்கான பேஸ்ட்.

கேசட்டை இப்ப வாங்காதீங்க. புது செயின் போட்டு, நீங்க அதிகம் ஓட்டுற ரெண்டு மூணு பல்சக்கரத்துல நின்னு அழுத்தி மிதிங்க. சறுக்கினாத்தான் கேசட்.

வேலிமுள்

பின் டயரை யாரும் தொடலையே. கோடைக்கு முன்னாடி ஊத்தின சீலன்ட் சென்னை வெயில்ல ரப்பர் தோலா ஒட்டியிருக்கும். இங்கே ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தாகணும். வால்வு கோரை (வால்வோட உள்பாகம்) கழட்டி, ஒரு மெல்லிய குச்சியை விட்டு எடுத்தா ஈரம் இருக்கான்னு தெரிஞ்சிடும். உங்க டயர் அளவுக்கு 90 முதல் 120 மில்லி ஊத்துங்க. ஊத்தினதும் ரெண்டு பக்கவாட்டிலும் படுக்கப்போட்டு சுத்திவிடணும், இல்லன்னா ஓரத்துல கசியறது நிக்காது.

கழியோரம் எங்க பார்த்தாலும் சீமைக்கருவேலம். அந்த முள் டயர்ல ஏறினா பாதையிலயே அவசரமா பிடுங்காதீங்க. முள் தானே ஓட்டையை அடைச்சிருக்கும். சீலன்ட் ஈரமா இருக்குன்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் பிடுங்கி, ஓட்டை கீழே வர்ற மாதிரி சக்கரத்தை நிறுத்துங்க. டியூப் மாத்த வேண்டி வந்தா டயர் உள்பக்கம் பஞ்சால தடவுங்க, முறிஞ்ச முனை பஞ்சைப் பிடிக்கும். விரலால தடவினா விரல் கிழியும்.

காத்து: 74 கிலோவுக்கு முன்னாடி 20 முதல் 22, பின்னாடி 23 முதல் 25 பி.எஸ்.ஐ. மணல் நிறைய இருந்தா 17, 18 வரை இறக்கலாம், தார் ரோட்டுக்கு வந்ததும் ஏத்திடுங்க. கால்வாய் ஓரத்துல மேலே வெள்ளையா காஞ்சு வெடிச்சிருக்கிற தரையை நம்பாதீங்க. கீழே கறுப்புச் சேறு, முன்சக்கரம் இறங்கினா ஆள் முன்னாடி போவார். உப்பள வரப்பு மேல ஏறவே கூடாது. களிமண்ணை மிதிச்சுக் கட்டினது, டயர் தடத்துல தண்ணி உடைச்சுக்கிட்டுப் போனா உழைக்கிறவங்களுக்கு நஷ்டம்.

உத்தமபாளையம்_பந்தல்

அண்ணே, கம்பம் பக்கம் வேற மாதிரி கவனம் வேணும். இங்கே பெரும்பாலும் பன்னீர் திராட்சை, 2023ல புவிசார் குறியீடு வாங்கினது. கொடியெல்லாம் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல்ல படர்ந்திருக்கும். ஆள் நடக்கிற உயரம்தான். 29 இஞ்ச் வண்டியில ஹெல்மெட்டோட போனா தலை குலையில முட்டும், அதனால பந்தலுக்குள்ள வண்டி வேண்டாம், வெளிப்பாதையோட நிறுத்திக்குங்க. அங்கேயும் ஒரு ஆபத்து இருக்கு: பந்தல் ஓரத்துல தூணை இழுத்துப் பிடிக்க மேலே இருந்து தரைக்கு சாய்வா கம்பி கட்டியிருப்பாங்க. அது உங்க கழுத்து உயரத்துல வரும், விடியக்காலையிலயும் அந்தி நேரத்துலயும் கண்ணுக்கே தெரியாது. தோட்ட மூலை திரும்பும்போது நடந்து போறதுதான் சரி.

இங்கே வருசத்துல ஒரு போகம் மட்டும் இல்ல, மாறி மாறி கவாத்து பண்ணுவாங்க. வெட்டின குச்சி பாதையில கிடக்கும். பென்சில் தடிமன்தான், ஆனா காஞ்சா முறியாது. சக்கர ஆரத்துல சிக்கி டிரெய்லரை உள்ளே இழுத்து ஹேங்கரை உடைக்கும். உங்க ஃபிரேமுக்கான ஹேங்கரை சென்னையிலயே வாங்கிட்டு வாங்க, இங்கே கிடைக்கும்னு நம்பி வராதீங்க. 12 கியர் செயினுக்கான குவிக் லிங்க்கும் (செயினை இணைக்கிற கண்ணி) ரெண்டு வேணும். சொட்டுநீர் குழாய் மேல வண்டி ஏத்தக்கூடாது, தூக்கிக் கடக்கணும். பாதை ஓரத்துல நெருஞ்சி முள் உண்டு, அதுக்கு சீலன்ட் போதும்.

பழம் பழுக்கிற சமயத்துல தோட்டத்தை ஒட்டி வேகமா ஓட்டி புழுதி கிளப்பாதீங்க. குலை மேல படிஞ்சா விலை போகாது. உள்ளே நுழையறதுக்கு முன்னாடி தோட்டக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, யாரும் சும்மா மறுக்க மாட்டாங்க.

திருவான்மியூர்_29

மருந்து அடிக்கிற நேரத்துல போனா வண்டிக்கு ஏதாவது ஆகுமா? ரயில்ல கொண்டு வர்றப்போ பிரேக்குக்கு என்ன பண்ணணும்?

உத்தமபாளையம்_பந்தல்

அடிச்சாம்பல் நோய்க்கு போர்டோ கலவை அடிப்பாங்க. ஒரு சதவீதக் கலவைன்னா மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 100 லிட்டர். பிரான்ஸ்ல போர்டோ பக்கத்துத் தோட்டங்கள்ல 1880கள்ல வந்தது, தாவரவியலாளர் மில்லார்டே 1885ல வெளியிட்டார். அங்கே மெடோக் தோட்டங்கள் ஜிரோந்த் கழிமுகத்தை ஒட்டியே இருக்கு, அதனால உங்களுக்கு வந்த உப்பும் எங்க ஊரு துத்தமும் அங்கே ஒரே ரைடுல வரும்.

சுண்ணாம்பு குறைஞ்ச கலவையில தீட்டின கத்தியை நனைச்சா செம்பு படியும், விவசாயிங்க பதம் பார்க்கிறதே அப்படித்தான். அதே வேலையை உங்க செயின்லயும் செய்யும், அலுமினியத்தையும் அரிக்கும். நீலப்புள்ளி தெரிஞ்சா அன்னைக்கே நல்ல தண்ணியில அலசுங்க. உடம்புக்கு அதைவிட முக்கியம்: தெளிப்பு நடக்கிற தோட்டத்துப் பக்கமே போகாதீங்க, கழுவாத குலையை வாயில வைக்காதீங்க.

செயின்_அளவு

பிரேக்குக்கு: சக்கரத்தைக் கழட்டினதும் ரெண்டு பிரேக் பேடுக்கும் நடுவுல பிளாஸ்டிக் தடுப்பு செருகுங்க, கிடைக்கலைன்னா மடிச்ச அட்டை. இல்லாம யாராவது லீவரை அழுத்தினா பேடு ஒட்டிக்கும், தேனியில இறங்கி டயர் லீவரால நெம்பிக்கிட்டு நிக்கணும். ரோட்டரை (பிரேக் டிஸ்க்) கழட்டி சுத்தமான துணியில தனியா சுத்துங்க, செயின் பையோட சேர்க்காதீங்க. ஹேங்கர் வளையாம இருக்க டிரெய்லரைக் கழட்டி ஃபிரேமுக்குள்ள கட்டிடுங்க. ஊர்ல மாட்டினதும் ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு, ஓடவிட்டு மெதுவா இருபது தடவை பிடிச்சுப் பாருங்க. கீச் சத்தம் நிக்கலைன்னா பேடுல எண்ணெய் பட்டிருக்கு, ஒரு செட் பேடு கூடுதலா பையில இருக்கட்டும்.