மண்டபக் கம்ப்யூட்டரில் ஸ்லைடு சிதறுது: எழுத்து, படம், அம்புக்குறி எல்லாமே

காவேரிப்பட்டணத்தான்:
கிருஷ்ணகிரியில் மா விவசாயிகள் கூட்டத்துக்கு 24 ஸ்லைடு. செய்தது விண்டோஸ் 11, பவர்பாயிண்ட் 2019. மண்டபத்தில் இருப்பது விண்டோஸ் 7, பவர்பாயிண்ட் 2010, பழைய 4:3 புரொஜெக்டர். பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்ததில் வந்த சிக்கல்:

தமிழ் வரிகள் பெட்டிக்கு வெளியே வழியுது. இரண்டு ஸ்லைடில் தமிழே இல்லை, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்குது. அங்கேயே பேஜ் செட்டப்பில் 4:3 மாத்தினதும் கிளிமூக்கு மாம்பழம் ஒடுங்கி பீர்க்கங்காய் ஆயிடுச்சு. கவாத்து, பூ, பிஞ்சு, காய், அறுவடைன்னு ஐந்து பெட்டி வரிசை. ஒன்றை நகர்த்தினா அம்புக்குறி அங்கேயே நிக்குது. ஃபைல் 138 எம்பி. எதை முதலில் சரி பண்ணணும்?

ராகிக்களி (தருமபுரி):
முதலில் ஸ்லைடு அளவு, அப்புறம் ஃபான்ட், கடைசியில் படம். மாத்திச் செய்தா ஒரே வேலையை இரண்டு தடவை செய்வீங்க.

அளவை மண்டபத்தில் மாத்தாதீங்க. 2010 பேஜ் செட்டப் எல்லாத்தையும் அகலத்தில் நசுக்கிடும். பழம் பீர்க்கங்காய் ஆனது அதனால்தான். உங்க 2019-ல் டிசைன், ஸ்லைடு சைஸ், ஸ்டாண்டர்ட் 4:3 கொடுங்க. 'மேக்சிமைஸ்', 'என்ஷூர் ஃபிட்' என்று இரண்டு கேட்கும். என்ஷூர் ஃபிட். படம் சின்னதாகும், உருவம் கெடாது. ஸ்லைடு இனி 25.4 × 19.05 செ.மீ.

அடுத்து ஃபான்ட். நீங்க நிர்மலா யூஐ-யில் அடிச்சிருப்பீங்க. அது விண்டோஸ் 8-ல் இருந்துதான் வருது. 7-ல் லதாவும் விஜயாவும்தான். இல்லாத ஃபான்ட்டுக்குப் பதில் வேறொன்றை அது எடுத்துக்கும். எழுத்தின் அகலம் மாறும், வரி வழியும். லதாவுக்கு மாறிடுங்க. விண்டோஸ் 11-ல் அது இல்லேன்னா செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' தேடி 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேருங்க.

24 ஸ்லைடிலும் ஒவ்வொன்றா உட்கார்ந்து மாத்த வேண்டாம். வியூ, ஸ்லைடு மாஸ்டர் (எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அச்சு) போய், இடப்பக்கம் எல்லாத்துக்கும் மேலே பெரிசா இருக்கிற ஸ்லைடில் மாத்துங்க: எழுத்து அளவு தலைப்புக்கு 40, உள்ளே 28, வரி இடைவெளி 'மல்டிபிள்' 1.1. ஆபீஸ் தீம் 0.9-ல் வருது, இங்கிலீஷுக்குச் சரி, தமிழில் மேல்வரி 'கூ'வின் வாலும் கீழ்வரிச் சுழியும் முட்டிக்கும். மாஸ்டரை மூடிட்டு ஹோமில் 'ரீசெட்' கொடுத்தா ஸ்லைடுகள் மாஸ்டர் சொல்படி நிக்கும். ஒரு எச்சரிக்கை: கையால் நகர்த்தின தலைப்பும் பழைய இடத்துக்கே போயிடும்.

நீங்களா இன்சர்ட் பண்ணின டெக்ஸ்ட் பாக்ஸ் மாஸ்டருக்குக் கட்டுப்படாது. அதுக்கு ஹோம், ரீப்ளேஸ், ரீப்ளேஸ் ஃபான்ட்ஸ்.

தொப்பூர்கணவாய்:
ஃபான்ட் விஷயத்துக்கு இவ்வளவு சுத்தணுமா? பிடிஎஃப்-ஆ சேவ் பண்ணி, அடோபி ரீடரில் திறந்து கன்ட்ரோல்+எல் அழுத்தினா முழுத்திரை. ஃபான்ட் உள்ளேயே இருக்கும்.

ராகிக்களி:
அனிமேஷன் போயிடும். வரி வரியா காட்டணும்னா கன்ட்ரோல்+டி-யில் ஸ்லைடை நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரி கூட்டணும். மாற்று வழியா ஒரு பிடிஎஃப் பென் டிரைவில் இருக்கட்டும், நல்லதுதான்.

பாலக்கோடு_டிடிபி:
படத்துக்கு வரேன். போன் கேமரா படம் ஒன்று 4000 × 3000 புள்ளி. அந்தப் புரொஜெக்டர் பெரும்பாலும் 1024 × 768-தான் காட்டும். ஒரு படத்தைச் சொடுக்கி பிக்சர் ஃபார்மட், கம்ப்ரஸ் பிக்சர்ஸ். 'இந்தப் படத்துக்கு மட்டும்' டிக்கை எடுங்க, 'வெட்டின பகுதிகளை நீக்கு' டிக் இருக்கட்டும், 150 பிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி). முழு ஸ்லைடு படமே அகலத்தில் 1500 புள்ளிதான் வரும், அதுவே தாராளம். வெட்டின ஓரம் திரும்ப வராது, அதனால முதலில் ஃபைலை வேறு பேரில் சேவ் பண்ணிக்குங்க.

படத்தை மூலையைப் பிடித்துத்தான் இழுக்கணும். பக்கவாட்டுப் புள்ளியை இழுத்தா மறுபடி பீர்க்கங்காய்தான்.

ஐந்து பெட்டி: ஒன்றைச் செய்து நான்கு நகல். அகலம் 3.8 செ.மீ. முதல் பெட்டியின் ஹாரிசான்டல் பொசிஷன் 1.2, கடைசியது 20.4. ஐந்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அலைன் மிடில், பிறகு டிஸ்ட்ரிப்யூட் ஹாரிசான்டலி. நடுவே சரியா 1 செ.மீ. விழும். பெட்டிக்குள் இரண்டு ஓரமும் 0.25 செ.மீ. காலியா இருக்கும், 0.1 ஆக்கினா 20 அளவில் 'அறுவடை' மடங்காது. 'ஷ்ரிங்க் டெக்ஸ்ட் ஆன் ஓவர்ஃப்ளோ'வை அணைங்க. இல்லேன்னா ஒரு பெட்டியில் 20, பக்கத்தில் 17-ன்னு அதுவா குறைச்சுக்கும்.

அம்புக்குறி நகராததுக்குக் காரணம் அது பெட்டியோடு ஒட்டாதது. ஷேப்ஸில் 'லைன்ஸ்' வரிசையில் உள்ள அம்பை எடுத்து, பெட்டி ஓரத்தில் தெரியும் புள்ளியில் தொடங்கி அடுத்த பெட்டியின் புள்ளியில் விடுங்க. ஒட்டினா நுனி பச்சையாகும். தடியான 'பிளாக் ஆரோ' ஒட்டாது.

மாம்பழ மஞ்சளில் தலைப்பு, வெள்ளைப் பின்னணி வேண்டாம். ஜன்னல் திறந்த மண்டபத்தில் ஒன்றும் தெரியாது. அதே மஞ்சளைப் பின்னணியாக்கி அடர் பச்சையில் எழுதுங்க.

காவேரிப்பட்டணத்தான்:
எல்லாம் நிக்குது, 11 எம்பி. நன்றிங்க. அந்த இரண்டு ஸ்லைடு மட்டும் லதா போட்டும் இங்கிலீஷாவே இருக்கு. பழைய சுற்றறிக்கையில் இருந்து ஒட்டினது.

ராகிக்களி:
அது பாமினியோ வானவில்லோ, பழைய முறை ஃபான்ட். யூனிகோட் (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை. உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துதான், தமிழ் மாதிரி காட்டினது அந்த ஃபான்ட். அதனால எந்த யூனிகோட் ஃபான்ட் போட்டாலும் தமிழ் வராது. பழைய முறை எழுத்தை யூனிகோட் ஆக்கும் என்.எச்.எம். கன்வர்ட்டர் மென்பொருளில் பாமினி கொடுத்து மாத்திப் பாருங்க, குப்பையா வந்தா வானவில். நடுவே உண்மையான இங்கிலீஷ் சொல் இருந்தா அதை வெட்டி வெச்சுட்டு மாத்துங்க, இல்லேன்னா அதுவும் உளறலா தமிழாயிடும். ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி'. அப்படியே ஒட்டினா பழைய ஃபான்ட்டும் கூட வந்து உட்கார்ந்துக்கும்.

பாலக்கோடு_டிடிபி:
ஒட்டினதும் 'கொ', 'கோ' வர்ற சொல்லெல்லாம் ஒரு தடவை பாருங்க. கொம்பும் காலும் பிரிஞ்சு நடுவே புள்ளிவட்டம் தெரிஞ்சா அந்தச் சொல்லைக் கையால அடிச்சுடுங்க. இரண்டே ஸ்லைடு, கன்வர்ட்டரோட மல்லுக்கட்டுறதை விட அது சீக்கிரம்.