ஒற்றைக்கல் மோதிரத்தில் வைரத்தைப் பிடிப்பது நகமா, உகிரா, கொளுக்கியா?

யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் வணக்கம். கல் பதிக்கும் பயிற்சிக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க நிச்சயதார்த்த மோதிரத்தில் ஒற்றை வைரத்தை ஏற்றுவது பற்றியது. ‘சொலிற்றெயர்’ ஒற்றைக்கல் என்று சிக்கலில்லாமல் முடிந்தது. கல்லை உலோகத்தில் இருத்துகிற ‘செற்றிங்’, கல்லைப் பிடிக்கிற சின்னக் கம்பியான ‘புறோங்’, கல்லைச் சுற்றி ஓடுகிற தகடான ‘பெசல்’ மூன்றும் நிற்கின்றன. செற்றிங்குக்குப் பழைய வரைவில் ‘அமைப்பு’ என்று இருக்கிறது. கைபேசியில் ‘அமைப்புகள்’ பார்த்துப் பழகிய பிள்ளைக்கு ‘ஆறு முனை அமைப்பு’ என்றால் என்ன விளங்கும்?

நல்லூரிலிருந்து, தமிழாசிரியர்:

பிள்ளை, செற்றிங்குக்குச் சொல் தேடவே வேண்டாம். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி அணிவது ‘வயிரம் கட்டிய’ சூடகம். கல்லைப் பொன்னில் இருத்துவது கட்டுதல், ஆகவே ‘கட்டு’.

புறோங்குக்கு ‘உகிர்’ என்று போடுங்கள், நகத்துக்குப் பழந்தமிழ்ப் பேர் அது. கன்னடத்தில் உகுரு, தெலுங்கில் கோரு. எல்லாம் ஒரே வேர். பருந்து இரையைப் பற்றுகிற பிடி அந்தச் சொல்லிலேயே கிடக்கிறது. ‘உகுதல்’ என்ற வினையோடும் இதற்கு உறவு உண்டென்பது என் எண்ணம். வளர்ந்து வளர்ந்து உதிர்வதால் உகிர்.

பருத்தித்துறையிலிருந்து, பயிற்சி ஆசிரியை:

கட்டு நல்லது. உகிர் வேண்டாம் ஐயா. வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தினவர்கள். ‘கொளுக்கி’ என்றால் ஒரு தரம் சொன்னாலே போதும், எங்கள் ஊரில் அதைத் தெரியாதவர் இல்லை.

கஸ்தூரியார் வீதியிலிருந்து, நகை செய்யும் பத்தர்:

ரீச்சர், கொளுக்கியை மட்டும் போடவேண்டாம். வேலை பிழைக்கும். கொளுக்கி ஒன்றில் மாட்டி நிற்பது, கழற்றவும் முடியும். இது அப்படியில்லை.

1 கரட் நிறையுள்ள வட்ட வைரம் ஏறக்குறைய 6.5 மில்லிமீற்றர் குறுக்களவு. கல்லின் விளிம்பு குந்துகிற உயரத்தில் ஒவ்வொரு கம்பியின் உட்பக்கத்திலும் ஒரு வெட்டுப் போடவேண்டும். கம்பியின் தடிப்பில் மூன்றிலொரு பங்கு ஆழம் போதும். பாதியைத் தாண்டினால் அமத்தும்போதோ, ஆறு மாதம் கழித்தோ அந்த இடத்திலேயே முறியும். எல்லா வெட்டும் ஒரே உயரம். ஒன்று தாழ்ந்தால் கல் சரியும். சரிந்த கல்லை அமத்தி நேராக்கப் போனால் விளிம்பில் செதில் பறக்கும். கம்பிகளை எதிரெதிர்ச் சோடியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அமத்தவேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க அமத்திவிட்டு மற்றப் பக்கத்துக்கு வரக்கூடாது.

கடைசியில் நுனி கல்லின் மேல்முகத்தில் படிந்து கிடக்கவேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் கம்பளி நூல் மாட்டும். மாட்டின நூலை இழுத்தால் நுனி நிமிரும். கொளுக்கி என்று படித்த பிள்ளை நுனியை வளைத்துத் தூக்கித்தான் வைக்கும். நகம் என்று படித்தால், தன் விரலில் நகம் சதையோடு படிந்து கிடக்கிறதைப் பார்த்துச் செய்யும். ஆகவே ‘நகம்’.

கைநூலில் இதையும் சேருங்கள். எங்கட சனம் 22 கரட் பவுணில்தான் கேட்கும். அது 91.6 வீதம் தங்கம், நகத்துக்கு மெதுமை கூட. வளையம் 22 ஆக இருந்தாலும் நகம் 18 கரட்டிலோ பிளாற்றினத்திலோ இருக்கட்டும்.

நல்லூரிலிருந்து:

பத்தர் சொன்ன வேலை விளக்கம் பொன்போல இருக்கிறது, அப்படியே அச்சிடுங்கள். ஆனால் நகம் வடசொல். நம்மிடம் உகிர் இருக்கக் கடன் வாங்குவதேன்? இன்று விளங்காத சொல் பத்து வருசத்தில் விளங்கும், பாடநூலில் இருந்தால்.

மானிப்பாயிலிருந்து, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்:

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறீன் வைத்தியர் இந்த ஊரில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். உடற்கூற்று நூலுக்கு அவர் வைத்த ‘அங்காதிபாதம்’ முழுக்க வடமொழி. ஆனால் அதைப் படித்துத்தான் தமிழில் வைத்தியர்கள் வந்தார்கள். மறுபக்கம், நாங்கள் பௌதிகவியல் என்கிறோம், தமிழ்நாட்டில் இயற்பியல் என்கிறார்கள். இரண்டிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள்தான். ஆகவே தூய்மை ஒன்றே அளவுகோல் இல்லை, பரிச்சயம் ஒன்றே அளவுகோலும் இல்லை. சொல் கையை வழிநடத்துகிறதா என்று பார்க்கவேண்டும். அந்தச் சோதனையில் உகிர் தோற்கிறது. ஐயாவே சொல்கிறார், உகுவது உதிர்வது என்று. கல்லைக் காக்கிற உறுப்புக்கு உதிர்வதைப் பேராக வைக்கலாமா?

பெசலுக்கு ‘வரம்புக்கட்டு’ சொல்கிறேன். வயலைச் சுற்றி முழுக்க ஓடி நீரை நிறுத்துவது வரம்பு. இந்தத் தகடும் கல்லைச் சுற்றி முழுக்க ஓடி அதை நிறுத்துகிறது. ‘விளிம்புக்கட்டு’ என்றால் கல்லின் விளிம்போடு குழம்பும். அந்த விளிம்புக்கும் தனிப்பெயர் வேண்டும். இடையில் அணிவது மேகலை, ஆகவே ‘மேகலை’.

கஸ்தூரியார் வீதியிலிருந்து:

வரம்புக்கட்டு மிகப் பொருத்தம் அண்ணை. விளிம்பில் சின்னச் செதில் இருந்தால் வரம்பு மறைக்கும், கையுறை போட்டு வேலை செய்கிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு. சாடையாக மஞ்சள் ஓடுகிற வைரத்துக்கு மஞ்சள் தங்க வரம்பு கொடுத்தால் அந்தச் சாயல் எடுபடாது. அடியை மூடாமல் திறந்து விடவேண்டும். வைரத்தில் எண்ணெய்ப் பசை இலகுவில் ஒட்டும். அடியைக் கழுவ வழியில்லாவிட்டால் கல் மங்கிவிடும்.

மேகலை சரிவராது. இடை என்றால் ஒடுங்கின இடம். வைரத்தில் அந்த இடம்தான் ஆக அகலமானது.

பருத்தித்துறையிலிருந்து:

நகத்துக்குச் சம்மதம். நாலு நகமா ஆறு நகமா என்ற பந்தியையும் யாராவது திருத்தித் தாருங்கள்.

கஸ்தூரியார் வீதியிலிருந்து:

நாலு நகத்தில் கல் கூடத் தெரியும், ஆனால் வட்டம் சற்றுச் சதுரம்போலத் தோன்றும். ஆறில் வட்டம் வட்டமாக நிற்கும், ஒன்று முறிந்தாலும் கல் விழாது. ரிஃபனி நிறுவனம் 1886இல் கொண்டுவந்த கட்டு ஆறு நகம்தான். அரைக் கரட்டுக்குக் கீழே ஆறு வைத்தால் கல்லை நகமே மூடிவிடும். அதற்கு நாலு போதும்.

கொக்குவிலிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. கட்டு, நகம், வரம்புக்கட்டு என்று பக்கம் கட்டிவிட்டேன். சொல்லடைவில் நகத்தின் பக்கத்தில் உகிரும் வரும். மேகலைக்கு ஒருவர் சார்பு, ஒருவர் எதிர்ப்பு. இப்போதைக்கு விளிம்பு என்றே விடுகிறேன்.

நல்லூரிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும் பிள்ளை. என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது உகிருக்காகத் திரும்பவும் எழுதுவேன்.

கஸ்தூரியார் வீதியிலிருந்து:

ஒன்று விடுபட்டுப் போச்சு. சதுரவெட்டு வைரத்தின் மூலைக்கு வெறும் நகம் காணாது. வைரம் கடினமானதுதான், ஆனால் சில திசைகளில் இலகுவில் பிளக்கும். மூலை வெளியே நீட்டினால் ஒரு தட்டில் பறக்கும். அதற்கு இரண்டு சுவர் சேர்ந்து மூலையை அணைக்கிற நகம் வைக்கிறோம். மூலையின் கூர் உலோகத்தில் முட்டாதபடி, மடிப்பின் உள்ளே துரப்பணத்தால் ஒரு சின்னக் குழியும் போடவேண்டும். கைநூலில் படம் இருக்கிறது, பேர் இல்லை. வெள்ளிக்கு முன் யாராவது சொல்லுங்கள்.