மறு: மிஸ்பிராண்டட் மருந்துக்குத் தமிழில் என்ன?

> 'போலி மருந்து' என்றே போடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். நம்முடைய 1940 மருந்துச் சட்டத்தில் இப்போது மிஸ்பிராண்டட், அடல்டரேட்டட், ஸ்பூரியஸ் என்று மூன்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. முதலாவது புட்டிச் சீட்டில் (லேபிளில்) தவறான தகவல் உள்ள மருந்து, நடுவில் உள்ளது கலப்படம், கடைசிதான் போலி. அதை முதலாவதற்குக் கொடுத்துவிட்டால் மூன்றாவதற்கு என்ன செய்வது? 'தவறான வணிகக்குறி'யும் ஒத்துவராது. குற்றம் புட்டியில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது.

இந்தச் சொல்லின் எல்லையை அமெரிக்க வழக்குகளில் பார்க்கலாம். அங்கே 1906 உணவு, மருந்துச் சட்டம் மருந்தில் ஆல்கஹால், அபின், கோகெய்ன் முதலியவை இருந்தால் அளவைச் சீட்டில் காட்டச் சொன்னது. விற்காதே என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு விற்றுக்கொள், அவ்வளவுதான். 1908இல் வாஷிங்டனில் 'பிரேன்ஃபூட்' என்று தலைவலி மருந்து விற்ற ராபர்ட் ஹார்ப்பருக்கு 700 டாலர் அபராதம். தீங்கில்லாதது என்று விற்ற அந்த மருந்துக்குள் அசிட்டனிலைடு என்ற நச்சுத்தன்மையுள்ள வலிநிவாரணி இருந்தது.

இது வரை 'பொய்ச்சிட்டை' (பொய்யான சீட்டு; சிட்டை என்றால் இங்கே லேபிள்) என்ற சொல் பொருந்தும். அப்புறம்தான் சிக்கல். புற்றுநோயைத் தீர்ப்பதாக ஒருவர் விற்ற மருந்து பற்றிய வழக்கில், 1911இல் உச்ச நீதிமன்றம் மருந்தில் என்ன இருக்கிறது என்பதில் பொய் சொன்னால்தான் இந்தச் சட்டத்தில் குற்றம், என்ன செய்யும் என்பதில் சொன்னால் இல்லை என்றது! (தீர்ப்பை எழுதியவர் ஹோம்ஸ். பெரிய நீதிபதிதான், இருந்தாலும்...) மறுவருடமே ஷெர்லி திருத்தம் வந்து அந்த ஓட்டையை அடைத்தது. அதுவும் அரைகுறைதான்; ஏமாற்றும் நோக்கத்தை அரசு நிரூபிக்க வேண்டும். 'நான் உண்மையிலேயே நம்பித்தான் விற்றேன்' என்றவர் தப்பிக்கலாம்.

1937 வழக்கைப் பாருங்கள். 'எலிக்சிர் சல்ஃபனிலமைடு' என்ற திரவ மருந்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சைச் சேர்த்திருந்தார்கள். விற்குமுன் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும் என்ற சட்டமே அப்போது கிடையாது. அரசுக்குக் கிடைத்த ஒரே பிடி, எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்பதுதான். 'கரைசல்' என்று எழுதியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. அதற்கும் பெயர் மிஸ்பிராண்டிங். யாரையும் ஏமாற்ற நினைத்து வைத்த பெயர் இல்லை, வெறும் தப்பான பெயர்.

ஆகவே நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும் சொல் வேண்டும். என் பரிந்துரை: பிழைச்சிட்டை மருந்து.

> அச்சுப்பிழை மாதிரி லேசாகத் தொனிக்கிறதே. சிட்டை என்றால் எங்கள் பக்கம் கடைக் கணக்கு வேறு.

தமிழில் பிழை என்றால் தவறும் உண்டு, குற்றமும் உண்டு. 'பிழை பொறுத்தருள்க' என்கிறவர் எழுத்துப்பிழைக்கா மன்னிப்புக் கேட்கிறார்? சிட்டை உறுத்தினால் பத்திரிகைக்குப் 'பிழை லேபிள்' என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பேடன்ட் மெடிசினை, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விளம்பரம் செய்து விற்ற அந்தக் கால மருந்தை, 'காப்புரிமை மருந்து' என்று கலைச்சொல் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். அதை இன்றே எடுத்துவிடலாம். காப்புரிமை வாங்கினால் செய்முறையை வெளியிட வேண்டும். இந்த மருந்துகளை விற்றவர்களில் பெரும்பாலோர் அதை மூடிவைத்துத்தான் பிழைத்தார்கள். பதிவு செய்ததெல்லாம் பெயரையும் புட்டிப் படத்தையும்தான். 'மறைகூட்டு மருந்து' எப்படி இருக்கிறது?