மேல்மாடிக்கு வைஃபை எட்டவில்லையா? புதுப் பெட்டி வாங்குமுன் பேஸ்மென்டைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம். அண்மையில்தான் குடும்பத்தோடு டொரொண்டோ வந்தோம். ஸ்கார்பரோவில் வாடகை வீடு. கீழே பேஸ்மென்ட், நடுவில் ஹாலும் சமையலறையும், மேலே மூன்று படுக்கையறை. மோடம் பேஸ்மென்டில் இருக்கிறது. மேல் அறையில் உட்கார்ந்தால் ஆபீஸ் மீட்டிங் பாதியில் அறுந்துவிடுகிறது. அடுத்து அம்மா சூப்பர் விசாவில் வருகிறார். சீரியல் விட்டுவிட்டு ஓடினால் வீடு தாங்காது. கம்பெனிக்கு ஃபோன் போட்டால், '1 ஜிகா பிளானுக்கு மாறுங்கள்' என்கிறார்கள். மாறலாமா அண்ணா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. பிளானில் சொல்வது மோடம் வரைக்கும் வரும் வேகம். அங்கிருந்து உங்கள் லேப்டாப்புக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது வீட்டுக்குள் நடக்கிற சங்கதி. நம்பிக்கை வராவிட்டால் லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய், மோடத்தில் ஈதர்நெட் வயரைச் செருகி ஒரு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். அங்கே வேகம் சரியாக இருந்து மேலே மட்டும் படுத்துவிட்டால், பிளானை மாற்றி ஒரு பயனும் இல்லை. கீழேயே வரவில்லை என்றால் மறுபடி ஃபோன் போட்டு ஆளை வரச்சொல்லுங்கள். வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தாலே போதும். 4கே படத்துக்கே 25 இருந்தால் தாராளம். ஜிகா பிளான் எல்லாம் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பெரிய பெரிய ஃபைல் இறக்குகிற வீட்டுக்கு.

இந்த ஊர் வீடுகளில் கேபிள் பெரும்பாலும் பேஸ்மென்ட் வழியாகத்தான் நுழையும். இணைப்புக் கொடுக்க வருகிறவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அங்கேயே, கரன்ட் பேனலுக்குப் பக்கத்தில், மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அண்ணாந்து பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் போகிற தகரக் குழாய்கள் தலைக்கு மேலே கிடக்கும். பக்கத்திலேயே வெந்நீர் டாங்க். நம் ஊர்க் கான்கிரீட் தளத்தோடு ஒப்பிட்டால் இங்குள்ள மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் வைஃபைக்கு ஒரு தடையே இல்லை. ஆனால் தகரத்தையும் தண்ணீரையும் அது தாண்டாது. மேல் அறை அலமாரியில் ஆளுயரக் கண்ணாடிக் கதவு இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது உலோகப் பூச்சு.

ஆகவே முதல் வேலை, காசு செலவில்லாத வேலை: மோடத்தை நடுத்தளத்துக்குக் கொண்டுவருவது. கேபிள் இணைப்பு என்றால், ஹால் சுவரில் டிவிக்காக வைத்த வட்டமான திருகு முனை ஒன்று இருக்கும். மோடத்தை அங்கே மாட்டிப் பாருங்கள். வேலை செய்யவில்லை என்றால் அந்த முனைக்குப் போகும் வயரைப் பேஸ்மென்டில் கழற்றி வைத்திருப்பார்கள். கையாலேயே திருகி இணைக்கலாம். ஃபைபர் இணைப்பில் இப்படி நகர்த்துவது கஷ்டம். அங்கே மோடத்தை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து ஈதர்நெட் வயரை மட்டும் மேலே ஒரு வைஃபை பெட்டிக்கு இழுக்க வேண்டும். பெட்டியை டிவிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ ஒளிக்காதீர்கள். அழகாக இருக்காதுதான், பரவாயில்லை.

அப்புறம் அளந்து பாருங்கள். ஃபோனில் தெரிகிற கோடுகளை நம்ப முடியாது. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் என்று தேடினால் நிறைய ஆப் வரும். ஐஃபோன் என்றால் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டியை இறக்கி, செட்டிங்கில் அதன் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும். அதில் சிக்னலின் பலத்தை மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 என்றால் பிரமாதம். மைனஸ் 67 வரைக்கும் மீட்டிங் தாங்கும். மைனஸ் 80க்குப் போய்விட்டால் இணைந்திருப்பதாகக் காட்டும், வேலை மட்டும் நடக்காது.

வைஃபை ஓடுவது 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைகளில். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அதில் அக்கம்பக்கத்து வீடுகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிக்கும். அதற்குள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் களைத்துப்போகும். 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் மோசம். கடையில் வைஃபை 7 பெட்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதன் 6 கிகாஹெர்ட்ஸ் உங்கள் தூரத்து அறைக்குத்தான் முதலில் எட்டாமல் போகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

மோடத்தை நகர்த்தியும் போதவில்லை என்றால் இரண்டு பெட்டி கொண்ட மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுவது) வாங்கலாம். இந்த அளவு வீட்டுக்கு மூன்று அதிகம். இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்துப்போன அறையில் வைக்காதீர்கள். இல்லாத சிக்னலை வாங்கி அது எதைக் கொடுக்கும்? பாதி வழியில், படிக்கட்டுத் திருப்பம் மாதிரியான இடத்தில் வையுங்கள். சுவரில் செருகுகிற மலிவான எக்ஸ்டென்டர்கள் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சீரியலுக்குச் சரி, மீட்டிங்குக்கு வேண்டாம்.

மெஷ்ஷோ வேறெதுவோ, இரண்டு பெட்டிக்கும் நடுவே வயர் ஓடினால் அதற்கு நிகர் இல்லை. அதற்காகச் சுவரை உடைக்கவும் வேண்டாம். பழைய டிவி கேபிள் எல்லா அறைக்கும் ஏற்கனவே ஓடுகிறதே! மோகா அடாப்டர் என்று ஒன்று உண்டு. மோடம் பக்கம் ஒன்று, மேல் அறையில் ஒன்று மாட்டினால் அந்தக் கேபிளே ஈதர்நெட் மாதிரி வேலை செய்யும். மோகா 2.5 ரகம் 2.5 ஜிகாபிட் வரை தாங்கும். ஃபைபர் வீடுகளில் இந்தக் கேபிள் சும்மாதான் கிடக்கிறது, அவர்களுக்கு இது அதிர்ஷ்டம்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். பேஸ்மென்டில் ஒரு வயரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைத் தேடிப்பிடித்து, அதன் மேல் பொறித்திருக்கிற எண்ணைப் படியுங்கள். பழையதில் 5-1000 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். மோகா ஓடுவது 1125க்கும் 1675க்கும் நடுவில், ஆகவே 1675 என்று எழுதிய ஸ்ப்ளிட்டர் வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் மோகா ஃபில்டர் ஒன்றையும் திருகிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சிக்னல் பக்கத்து வீடு வரை போகும். கேபிள் இன்டர்நெட்டே அதே வயரில் வருகிறது என்றால், அது 1002 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போகிறதா என்று கம்பெனியிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். 1218 வரை போகிற இணைப்பும் உண்டு, அப்போது இரண்டும் மோதும்.

இன்னொருவர் கேள்வி: அண்ணா, கரன்ட் வயரிலேயே இன்டர்நெட் கொண்டுபோகிற பவர்லைன் சரிப்படுமா? நாங்கள் இருப்பது பேஸ்மென்டில். மோடம் மேலே வீட்டுக்கார அக்கா ஹாலில். வாடகையில் நெட்டும் சேர்த்தி.

பதில்: பவர்லைன் வீட்டுக்கு வீடு மாறும் தங்கச்சி. இங்கே வீட்டுக்கு வருகிற கரன்ட் இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. இரண்டு அடாப்டரும் வேறு வேறு கிளையில் அமைந்துவிட்டால் வேகம் விழுந்துவிடும். புது வீடுகளில் இருக்கிற, வயரில் தீப்பொறி வந்தால் கரன்டை நிறுத்தும் ஆர்க் ஃபால்ட் பிரேக்கரும் அதைக் கெடுக்கும். வாங்குவதானால் திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்கி, பவர் பாரில் செருகாமல் நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள்.

உங்களுக்கு அதைவிட நல்லது, அக்காவிடம் சொல்லி மோடத்திலிருந்து கீழே ஒரு வயர் இறக்கிக்கொண்டு, சொந்தமாக ஒரு ரவுட்டர் வைப்பது. அதை ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் (மேல் வீட்டு நெட்வொர்க்கையே கீழே நீட்டுகிற முறை) போடாமல் ரவுட்டர் மோடிலேயே விடுங்கள். உங்கள் டிவி, பிரின்டர் எல்லாம் மேலே இருப்பவர்கள் கண்ணில் படாது. துளை போடுவதற்கு முன் அவர் சம்மதத்தை மெசேஜில் வாங்கி வையுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது பேச்சு வராது.

முதலில் கேட்ட தம்பி, ஸ்ப்ளிட்டரில் என்ன எண் என்று பார்த்து எழுதுங்கள். எந்த அடாப்டர் என்பதை அதற்கப்புறம் பேசுவோம்.